டிரம்ஸ் இல்லாத மேடை: டேன் ஹிக்ஸ் குழுவின் கச்சேரி இயங்கிய விதம்

1971-இல் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட்டில், ட்ரூபடோர் என்ற சிறிய அரங்கில், டேன் ஹிக்ஸும் அவருடைய ‘ஹாட் லிக்ஸ்’ குழுவினரும் நடத்திய கச்சேரி ‘வேர்ஸ் த மணி’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. மேடையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். கிதாரை வாசித்தபடி பாடும் ஹிக்ஸ், வயலினில் சிட் பேஜ், டபுள் பாஸில் ஜேமி லியபோல்ட், அவர்களோடு ‘லிக்கெட்ஸ்’ என்று அழைக்கப்பட்ட மேரியன் பிரைஸ், நயோமி ரூத் ஐசன்பர்க் என்ற இரண்டு பாடகிகள். டிரம்ஸ் இல்லை, மின்கிதாரும் இல்லை. மின்கிதாரும் ஆள் உயர ஒலிபெருக்கிகளும் ராக் இசையின் அடையாளமாகிவிட்ட காலத்தில், அதே கலிபோர்னியாவில், அதே வயதுடைய ரசிகர்களுக்கு முன்னால், 1930-களின் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையைப் போல ஒலிக்கும் புதிய பாடல்களை இந்த ஐவர் பாடினார்கள். ரசிகர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், சில பாடல்களில் மூச்சுக்கூட விடாமல் கேட்டார்கள்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஹிக்ஸ் இசைக்குள் நுழைந்ததே டிரம்ஸ் வாசிப்பவராகத்தான். ஆர்கன்சாஸின் லிட்டில் ராக் நகரில் 1941-இல் பிறந்து, கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் வளர்ந்த அவர், பள்ளிப் பருவத்திலேயே நடனத்துக்கு வாசிக்கும் இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசித்தார். சான் பிரான்சிஸ்கோவின் ‘சார்லட்டன்ஸ்’ குழுவில் 1965-இல் அவர் சேர்ந்ததும் டிரம்ஸ் கலைஞராகவே. அப்படிப்பட்டவர் தனக்கென ஒரு குழுவை 1968 வாக்கில் அமைத்தபோது, தான் நன்கறிந்த அந்தக் கருவியையே மேடையிலிருந்து விலக்கினார். அந்தக் குழுவின் இசை, நகைச்சுவை, நாடகத்தன்மை ஆகிய மூன்றுமே இந்த ஒரு முடிவோடு பிணைந்திருந்தன என்பது என் கருத்து. அதை விளங்கிக்கொள்ள, டிரம்ஸ் இல்லாமல் ஸ்விங் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்விங் என்பது ஓர் இசை வகையின் பெயர் மட்டுமன்று. அது ஒரு நடையின் பெயரும்கூட. ஒரு தாள அடியை இரண்டு சம பாதிகளாகப் பிரிக்காமல், முதல் பாதியை நீட்டி, இரண்டாம் பாதியைக் குறுக்கி வாசிப்பதே அதன் உயிர். திஸ்ர நடை அறிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம்: ஓர் அடியைத் ‘தகிட’ என்று மூன்றாகக் கொண்டு, நடுவிலுள்ள ‘கி’யை ஒலிக்காமல் விட்டு, ‘த’வையும் ‘ட’வையும் மட்டும் ஒலித்தால் ஸ்விங்கின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். ஆனால் இது தோராயமான கணக்கே. மெதுவான காலப்பிரமாணத்தில் முதற்பகுதி இதைவிடவும் நீளலாம். வேகம் கூடக்கூட இரண்டு பகுதிகளும் ஏறத்தாழச் சமமாகிவிடும். எவ்வளவு நீட்டுவது என்பதை எந்தத் தாளிலும் எழுதிவைக்க முடியாது. உடன் வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தீர்மானிக்கிறார்கள். பெரிய ஸ்விங் குழுக்களில் இந்தப் பொறுப்பில் பெரும்பங்கை டிரம்ஸ் கலைஞரின் சிம்பல் என்ற உலோகத் தட்டு சுமக்கும். அந்தத் தட்டு இல்லாதபோது அந்தப் பொறுப்பை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படிப் பங்கிட முடியும் என்பதைப் பாரிஸில் 1934-இல் உருவான ‘கின்டெட் து ஹாட் கிளப் த பிரான்ஸ்’ குழு மிகத் தெளிவாகக் காட்டியது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் முன்னணி கிதாரிலும் ஸ்டெபான் கிராப்பெல்லி வயலினிலும் இருக்க, மேலும் இரண்டு கிதார்களும் ஒரு டபுள் பாஸும் அவர்களைத் தாங்கின. எல்லாமே நரம்பும் கம்பியும் பூட்டிய கருவிகள். 1928-இல் தன் வண்டிவீட்டில் பற்றிய தீயில் இடக்கையின் இரண்டு விரல்கள் பெரிதும் செயலிழந்த பிறகு, மீதமுள்ள விரல்களுக்கேற்ற புதிய வாசிப்பு முறையை ஜாங்கோ உருவாக்கிக்கொண்ட கதை பலருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழுவின் ஓட்டத்துக்குக் காரணமாக இருந்தவர்கள் பெயர் அவ்வளவாகத் தெரியாத தாளக் கிதார் கலைஞர்கள்தாம். பிரெஞ்சில் ‘லா பாம்ப்’ என்று சொல்லப்படும் அவர்களுடைய வாசிப்பில், வலக்கை கம்பிகளை வெட்டுவதுபோல் அடிக்கும். அடித்த மறுகணமே இடக்கை விரல்கள் அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிடும். நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும் கூர்மையாகவும் குறுகியும் விழும். டிரம்ஸின் வேலையை அங்கே ஒரு மரப்பெட்டியும் ஆறு கம்பிகளும் செய்துவிடுகின்றன.

அமெரிக்காவிலும் இதற்கு வேர்கள் இருந்தன. ஜோ வெனூட்டியின் வயலினும் எடி லேங்கின் கிதாரும் 1920-களிலேயே இருவர் உரையாடலாக இந்த இசையை வாசித்துக் காட்டிவிட்டன. டெக்சாஸில் பாப் வில்ஸ் போன்றவர்கள் கிராமிய வயலினையும் நடன மண்டப ஸ்விங்கையும் கலந்து ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற வகையை வளர்த்தார்கள். கவுண்ட் பேஸியின் பெருங்குழுவில் ஃபிரெடி கிரீன் 1937 முதல் 1987-இல் தான் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், மின்னிணைப்பில்லாத கிதாரில் நான்கு அடிகளையும் சீராக அடித்துக்கொண்டிருந்தார். ஊதுகருவிகளின் முழக்கத்தில் அவருடைய கிதாரைத் தனியாகக் கேட்பது கடினம்; ஆனாலும் அந்தக் குழுவின் முதுகெலும்பு அதுவே என்று இசைக்கலைஞர்கள் மதித்தார்கள்.

ஹிக்ஸ் இந்த மரபை அப்படியே மீட்டெடுத்து வாசித்தவரல்லர். பழைய பாடல்களைப் பழைய பாணியிலேயே வாசிக்கும் குழுக்கள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு வேறு. ஹிக்ஸ் தன் மேடைக்கான பாடல்களைப் பெரும்பாலும் தானே எழுதினார். பழைய இசையின் ஆடையை அணிந்து, தன் காலத்து மனிதன் ஒருவனுடைய குரலில் பேசினார். அந்த மனிதன் பெரும்பாலும் ஏமாற்றமடைந்தவன், சற்றுச் சோம்பேறி, தன்னைப் பற்றி அதிகம் யோசிப்பவன், முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டாதவன். ‘நீ போய்த் தொலைய மறுத்தால் நான் எப்படி உனக்காக ஏங்குவது?’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய பாடல் பரவலாக அறியப்பட்டது. அந்தத் தலைப்பிலேயே ஒரு கதாபாத்திரமும் ஒரு சூழ்நிலையும் முழுதாக இருக்கின்றன. காதல் பாடலின் வடிவத்துக்குள் அதற்கு நேர்மாறான மனநிலையை வைத்து, இரண்டும் ஒன்றையொன்று உரசும்படி விடுவது அவருடைய எழுத்துமுறை.

இத்தகைய பாடலுக்கு முதல் தேவை, சொல் காதில் விழுவது. இங்கேதான் டிரம்ஸ் இல்லாததன் பயன் தெளிவாகிறது. ஆங்கிலப் பாடலில் பொருளைப் பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகள். ‘ஸ்’, ‘ட்’, ‘ஃப்’ போன்ற அந்த மெல்லிய ஒலிகள் உயர்ந்த அதிர்வெண் பகுதியில் இருக்கின்றன. சிம்பல் தட்டுகளின் ஒலி அதே பகுதியில்தான் பரந்து நிறைகிறது. ஆகவே சிம்பல் ஒலிக்கும்போதெல்லாம் மெய்யொலிகள் மறைந்துபோகின்றன. கேட்பவருக்கு மெட்டு கிடைக்கும், சொல் கிடைக்காது. டிரம்ஸின் ஒலி பாடகரின் மைக்கிலும் புகுந்துவிடுவதால், மைக்கின் அளவைக் கூட்டினால் டிரம்ஸும் சேர்ந்தே கூடும். வயலினும் கிதாரும் மரப்பெட்டியால் அதிரும் கருவிகளாதலால், அவற்றுக்கு முன்னாலுள்ள மைக்கை ஓரளவுக்கு மேல் கூட்டினால் ஒலிபெருக்கியின் ஒலியே மீண்டும் மைக்குக்குள் நுழைந்து ஊளையிடத் தொடங்கும். மேடையில் ஒரேயொரு உரத்த கருவி இருந்தாலும் மற்ற எல்லாக் கருவிகளும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிறது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால், பாடகர் முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஹிக்ஸின் அலட்சியமான, ஏறத்தாழப் பேசுவதுபோன்ற பாடும் முறை இந்த அமைதியை நம்பித்தான் பிறந்தது. கத்திப் பாட வேண்டியிருந்தால் அவருடைய கதாபாத்திரமே செத்துவிட்டிருக்கும்.

நாடகத்தன்மையும் இதே அமைதியிலிருந்துதான் கிளைக்கிறது. அவர் மேடையை ஓர் அரங்காகக் காணக் கற்றது சார்லட்டன்ஸ் குழுவில் என்று சொல்லலாம். 1965 கோடையில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில், வெள்ளிச் சுரங்கத்தால் பெயர்பெற்ற அந்தப் பழைய ஊரில், ‘ரெட் டாக் சலூன்’ என்ற விடுதியில் அக்குழு தங்கி வாசித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால உடைகளை அணிந்து, பழைய மேற்கத்திய ஊரின் மனிதர்களாகவே அவர்கள் நடமாடினார்கள். அங்கே ஆடையும் அரங்கும்தான் முதன்மை பெற்றன; வாசிப்பின் நேர்த்தி அடுத்த இடத்தில்தான் இருந்தது. அந்த நிகழ்ச்சிகளுக்காக வரையப்பட்ட சுவரொட்டி, பின்னால் சான் பிரான்சிஸ்கோவில் பெருகிய சுவரொட்டிக் கலையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஹிக்ஸ் அங்கிருந்து எடுத்துக்கொண்டது வேடத்தின் ஆற்றலை. விட்டுவிட்டது அதன் தளர்ந்த வாசிப்பை. ஹாட் லிக்ஸில் வாசிப்பு மிகக் கறாரானது. அலட்சியம்போல் தோன்றுவது முழுவதும் பாடகரின் முகத்தில் மட்டுமே. கருவிகளில் ஒரு துளிகூட இல்லை.

லிக்கெட்ஸ் இருவரையும் துணைப் பாடகிகள் என்று மட்டும் சொல்வது அவர்களுடைய பணியைக் குறைத்துச் சொல்வதாகும். ஹிக்ஸ் ஒரு வரியைச் சொன்னால், அவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள், திருப்பிக் கேட்பார்கள், கிண்டல் செய்வார்கள், சில சமயம் அவர் சொல்ல மறுப்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லையென்றாலும், வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போட்டும் இடைமறித்துக் கேட்டும் கதையை நகர்த்தும் பக்கத்துணையை நினைத்துக்கொண்டால் இந்த வேலையின் தன்மை நமக்கு எளிதில் பிடிபடும். இசையளவில் இவர்களுடைய முன்னோர், நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்து 1930-களில் புகழ்பெற்ற பாஸ்வெல் சகோதரிகள் போன்றவர்கள். அவர்கள் மூவரும் நெருக்கமான சுரங்களில் சேர்ந்து பாடியதோடு, ஒரே பாட்டுக்குள் வேகத்தையும் நடையையும் திடீரென்று மாற்றி, குரல்களையே ஊதுகருவிக் குழுவைப்போல் பயன்படுத்தினார்கள். லிக்கெட்ஸும் அந்த வேலையைச் செய்தார்கள். வயலின் ஒரு பக்கம், இரண்டு பெண்குரல்கள் இன்னொரு பக்கம் என்று ஒரு முழு ஊதுகருவி வரிசையின் இடம் நிரம்பிவிடுகிறது. கைகளில் சிறிய தாளக் கருவிகளை வைத்து அவ்வப்போது தட்டியதால், டிரம்ஸின் ஒரு சிறு பங்கும் அவர்களிடமே வந்து சேர்ந்தது. கைகளையும் தோள்களையும் ஒரேசமயத்தில் அசைக்கும் அவர்களுடைய பாங்கு, பார்ப்பதற்கு ஆட்டம். அதே சமயம் அது கண்ணுக்குத் தெரியும் தாளமும்கூட.

டிரம்ஸ் இல்லாத குழுவுக்கு வாய்க்கும் இன்னோர் அரிய வசதி, முழுமையான நிறுத்தம். சிம்பல் தட்டு ஒருமுறை அதிர்ந்தால் அதன் ஒலி அடங்கச் சில நொடிகள் ஆகும். தாளக் கிதாரின் ஒலியோ விரலைத் தளர்த்திய அந்தக் கணமே மறைந்துவிடும், பாஸின் நரம்பை உள்ளங்கையால் அடக்கிவிடலாம். எனவே ஐந்து பேரும் ஓர் அடியில் சட்டென்று நின்றால், அங்கே உண்மையான மௌனம் விழுகிறது. அந்த மௌனத்துக்குள் ஹிக்ஸ் ஒரு சொல்லைப் போடுவார், ரசிகர்கள் சிரிப்பார்கள், சிரிப்பு தணிவதற்குள் அடுத்த அடியில் குழு மீண்டும் உள்ளே வரும். நகைச்சுவையில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. தாளம் பழகிய ஒருவர் நகைச்சுவை செய்யும்போது ஏற்படும் துல்லியத்தை ட்ரூபடோர் பதிவில் பலமுறை கேட்கலாம். சிரிப்பொலிகூட அந்தப் பதிவில் ஒரு தாளக் கருவியைப்போல் ஒலிக்கிறது என்பது எனக்குத் தோன்றும் ஒன்று. ரசிகர்களை நீக்கிவிட்டு அப்பாடல்களைக் கற்பனை செய்வது கடினம்.

இத்தனையும் சிரிப்புக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஐ ஸ்கேர் மைசெல்ஃப்’ என்ற பாடல் அவருடைய படைப்புகளில் தனித்து நிற்கிறது. 1969-இல் எபிக் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலேயே இடம்பெற்ற இப்பாடலை, 1972-இல் ‘ஸ்டிரைக்கிங் இட் ரிச்’ தட்டுக்காக அவர் மீண்டும் பதிவுசெய்தார். 1984-இல் தாமஸ் டால்பி அதைத் தன் பாணியில் பாடிப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றார். சோகச் சாயலுள்ள மைனர் சுரங்களில், மெதுவாகச் சுழலும் தாளத்தின்மீது, தன் காதலின் தீவிரத்தைக் கண்டு தானே அஞ்சும் ஒருவன் பேசுகிறான். பின்னர் வயலின் நெடுநேரம் தனித்துப் பாடுகிறது. சிட் பேஜின் வாசிப்பு இங்கே கதையின் தொடர்ச்சியாகவே அமைகிறது. பாடியவனுக்குச் சொற்கள் தீர்ந்த இடத்திலிருந்து அது எடுத்துச் செல்கிறது. அதுவரை எல்லாவற்றையும் கேலியாகச் சொல்லிவந்த மனிதன் இப்படி ஒரு பாடலைப் பாடும்போது, அவனுடைய முந்தைய அலட்சியம் எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பது கேட்பவருக்குப் புரிகிறது. கச்சேரியின் வரிசையில் இத்தகைய ஒரு பாடல் வைக்கப்படாவிட்டால், மற்ற பாடல்கள் வெறும் சாமர்த்தியமாகவே தங்கிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

குழு நீடிக்கவில்லை. 1972-இல் ஜான் கிர்ட்டன் முன்னணி கிதாருடன் சேர்ந்தார். 1973-இல் வெளிவந்த ‘லாஸ்ட் ட்ரெயின் டு ஹிக்ஸ்வில்’ என்ற தட்டில் முதன்முறையாக ஒரு டிரம்ஸ் கலைஞரும் இடம்பெற்றார். அதுவே அவர்களுடைய இசைத்தட்டுகளில் மிக நல்ல வரவேற்பைப் பெற்றது. புகழ் உச்சத்தை நெருங்கிய அதே ஆண்டில் ஹிக்ஸ் குழுவைக் கலைத்துவிட்டார். டிரம்ஸ் வந்ததுதான் குழு கலையக் காரணம் என்று சொல்வது பிழையாகும்; ஒரு குழுவின் முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கும். ஆயினும் அந்தத் தட்டையும் ட்ரூபடோர் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னதில் வழுவழுப்பு கூடியிருப்பதையும், பின்னதில் ஐந்து பேரும் தாளத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிச்செல்லும் அந்தச் சிறு பதற்றம் இசைக்கு உயிரூட்டுவதையும் உணரலாம். என் காது பின்னதையே நாடுகிறது.

அதன் பிறகு ஹிக்ஸ் ‘அக்கூஸ்டிக் வாரியர்ஸ்’ என்ற சிறு குழுவோடு பல ஆண்டுகள் ஊர் ஊராக வாசித்தார். அந்தக் காலத்தின் சாட்சியாக நிற்பது, சான்டா மோனிகாவின் மெக்கேப்ஸ் கிதார் கடையில் பதிவாகி 1994-இல் வெளிவந்த ‘ஷூட்டின் ஸ்ட்ரெய்ட்’ என்ற இசைத்தட்டு. கடையின் பின்னறையில், சுவர்களில் கிதார்கள் தொங்க, மிகச் சிலரே அமரக்கூடிய இடத்தில் கச்சேரி நடத்துவது மெக்கேப்ஸின் நெடுநாள் வழக்கம். இந்த வகை இசைக்கு இதைவிடப் பொருத்தமான அறை அரிது. சிறிய அறையில் மனித உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் எதிரொலி தங்குவதில்லை. கிதாரின் வெட்டு வெட்டாகவே கேட்கும், மௌனம் மௌனமாகவே விழும். சிம்பொனி இசைக்கென்று கட்டப்பட்ட பெரிய அரங்குகளிலோ ஒலி ஏறத்தாழ இரண்டு நொடிகள் சுழன்று நிற்கும்படி வடிவமைப்பது வழக்கம். நூறு பேர் கொண்ட இசைக்குழுவின் நீண்ட சுரங்களுக்கு அந்தச் சுழற்சி செழுமை தரும். விரைவாகச் சொல்லப்படும் ஒரு வேடிக்கை வரிக்கு அதுவே பகையாகும்.

2000-இல் ‘பீட்டின் த ஹீட்’ என்ற தட்டோடு ஹாட் லிக்ஸ் என்ற பெயர் மீண்டும் உயிர்பெற்றது. எல்விஸ் காஸ்டெல்லோ, டாம் வெய்ட்ஸ், பெட் மிட்லர், ரிக்கி லீ ஜோன்ஸ் போன்றவர்கள் அதில் அவரோடு சேர்ந்து பாடினார்கள். முதல் குழுவின் ஆட்கள் மாறிவிட்டிருந்தாலும், வயலின், பாஸ், கிதார், இரண்டு பெண்குரல்கள் என்ற அந்தப் பாத்திர அமைப்பு மாறவில்லை. நாடகத்தில் நடிகர் மாறினாலும் வேடம் நிற்பதுபோல, புதிய லிக்கெட்ஸ் பழைய இடைமறிப்புகளைத் தங்கள் குரலில் தொடர்ந்தார்கள்.

அவருடைய எழுபதாவது பிறந்த நாளையொட்டி 2012-இல் சான் பிரான்சிஸ்கோவின் டேவிஸ் சிம்பொனி அரங்கில் பல கலைஞர்கள் கூடி நடத்திய கச்சேரி, அடுத்த ஆண்டு ‘லைவ் அட் டேவிஸ்’ என்று வெளிவந்தது. நகரத்தின் சிம்பொனி இசைக்குழு வாசிக்கும் அரங்கு அது. ட்ரூபடோரைப்போலப் பல மடங்கு பெரியது. மெக்கேப்ஸ் பின்னறைக்காகவே பிறந்ததுபோன்ற ஒரு மேடைக்கலை அங்கே எப்படி நின்றது என்று அறிய விரும்பினேன். பதிவைக் கேட்கும்போது முதலில் புலப்படுவது, ஹிக்ஸ் தன் குரலை அரங்குக்கேற்ப உயர்த்த முயலவே இல்லை என்பதுதான். பாடல்களுக்கிடையில் முன்போலவே தாழ்ந்த குரலில், யாரோ ஒருவரிடம் மட்டும் சொல்வதுபோல் பேசுகிறார். 2016 பிப்ரவரியில், மில் வேலியில், கல்லீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பு, அத்தனை பெரிய கூடத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் அந்தத் தாழ்ந்த குரலைப் பிடிப்பதற்காகத் தங்கள் ஒலியை அடக்கிக்கொண்டு காத்திருப்பது பதிவில் கேட்கிறது.